இடது கைக்கு ஒரு பாக்கெட்

"பையனுக்குப் புராஜெக்ட்" என்று சம்பந்தம் சொன்னார். காலையிலிருந்து இது மூன்றாவது கடை, மூன்றாவது தடவை. சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்ற மனைவியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார், சரியாகச் சொல்லிவிட்டேனா என்பதுபோல. பூங்கோதை பல்லைக் கடித்துக்கொண்டாள். சரியாகத்தான் சொன்னார். அவள் சொல்லிவைத்ததை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார், வயிறு எரிந்ததே அதனால்தான். ரிச்சி தெருவின் சனிக்கிழமைக் கூட்டம் தோளை இடித்துக்கொண்டு போனது. பைக் ஒன்று அவள் செருப்பு நுனியில் ஏறப் பார்த்துவிட்டு, அதற்கும் சேர்த்து அவளைப் பார்த்தே ஹாரன் அடித்தது. கடைக்காரனுக்கு முப்பது வயதிருக்கும், காதில் பேனா. கம்பிச் சுருளை எடுத்து, கேட்ட அவளுக்கு முன்னால் வைக்காமல் சம்பந்தத்துக்கு முன்னால் வைத்தான். "இருபத்தாறு கேஜ் சார். புராஜெக்ட்டுக்குன்னா இதே போதும்." சார்பதிவாளர் ஆபீசில் முப்பது வருஷமாகப் பத்திரம் புரட்டுகிற மனுஷன் செம்புக் கம்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முத்திரை சரிபார்க்கிற மாதிரி பார்த்து, "நல்லாத்தான் இருக்கு கோதை" என்றார். என்ன நல்லா இருக்கு? எதை வைத்து நல்லா இருக்கு? அவள் கையை நீட்டிச் சுருளின் நுனியைப் பிடித்துக் கட்டைவிரல் நகத்தால் ஒரு இழு இழுத்தாள். மேல்பூச்சு பொரிப்பொரியாக நகத்தோடு வந்தது. அந்தப் பூச்சு இருந்தால்தான் ஒரு சுற்றை ஒட்டி இன்னொரு சுற்று படுத்துக்கொண்டாலும் மின்சாரம் குறுக்கே தாவாது. நகத்துக்கே நிற்காதது ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு எங்கே நிற்கும். "இது வேணாம். பூச்சு உரியுது. வேற குடுங்க" என்றாள். கடைக்காரன் சம்பந்தத்தைப் பார்த்தான். சம்பந்தம், "மேடம் கேக்கறதையே குடுப்பா" என்றார் பெருந்தன்மையாக. அந்தப் பெருந்தன்மையைப் பிடுங்கி எதிரே ஓடுகிற சாக்கடையில் விட்டால் தேவலை போலிருந்தது. உள்ளேயிருந்து வேறு சுருள் வந்தது. இது நகத்துக்கு அசையவில்லை. முன்னூற்றைம்பது மீட்டர் என்று சொல்லிவிட்டுப் பட்டியலில் முதல் வரியை அடித்தாள்.

இதே கேஜ், இதே முன்னூற்றைம்பது மீட்டர், நான்கு மாதத்துக்கு முன்னால் தனியாக வந்து வாங்கிப்போயிருக்கிறாள். நான்கங்குலப் பிவிசி குழாயில் ஒன்றே முக்கால் அடித் துண்டு, அதற்குள் ஒரு துடைப்பக்கட்டைக் காம்பைச் செருகி, இரண்டு நாற்காலிக்கு நடுவில் படுக்கவைத்து, மத்தியானத்தில் சம்பந்தம் ஆபீசில் இருக்கிற நேரத்தில் உட்கார்ந்து சுற்றினாள். பதினோரு மத்தியானம். தொள்ளாயிரத்து நாற்பது சுற்று. ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது, நடுவில் சந்து விழக்கூடாது. காலிங் பெல் அடித்தால் கம்பியை டேப்பால் ஒட்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ஏழாவது நாள் அறுநூற்றுப் பன்னிரண்டில் சிலிண்டர்க்காரன் வந்தான், ஒட்டிய டேப் விட்டுக்கொண்டது, அவள் திரும்பி வருவதற்குள் நாற்பது சுற்று தளர்ந்து மடியில் கிடந்த துணிபோலத் தொங்கியது. அன்றைக்கு அவள் அழவில்லை, சிலிண்டர்க்காரனைத்தான் மனசுக்குள் ஏசினாள், பிறகு பிரித்து மறுபடி சுற்றினாள். மூன்று கை வார்னிஷ் அடித்துக் காயவைத்து நிமிர்த்தி வைத்தபோது அது தேய்த்து வைத்த செம்புப் பானைபோல இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே அவள் தயிர்சாதம் சாப்பிட்டாள். பிறகு எல்லாவற்றையும், கீழ்ச்சுருளுக்கு வாங்கின செம்புக் குழாய், பதினாலு கெப்பாசிட்டர், போல்ட்டு நட்டு எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டுப் பையன் அறையில் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். டிரான்ஸ்பார்மர் ஒன்றுதான் பாக்கி. தங்கை மகள் வளைகாப்புக்கு இரண்டு நாள் திருத்தணி போய்விட்டு வந்தால் கூடத்தில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். "எப்படி இருக்கு?" என்றார் சம்பந்தம். "அந்த வேண்டாத பெட்டிய பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டேன். அரைக் கிலோவுக்குமேல செம்பாம் கோதை, ஸ்டூலே குடுத்துட்டுப் போய்ட்டான்." அந்த முகம். பரீட்சையில் பாஸான பையன் முகம். அவள் என்ன செய்தாள்? கத்தினாளா? பாத்திரத்தை விட்டெறிந்தாளா? காபி போட்டாள். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது. பதினோரு மத்தியானத்தை ஒருவன் ஸ்டூலுக்குப் போட்டுவிட்டு வந்து நிற்கிறான், அவனுக்கு சர்க்கரை சரியாகப் போட்டுக் காபி கலந்து கொடுத்துவிட்டு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். உடையக்கூட இல்லை அது. நல்ல ஸ்டூல்.

"வெயில் ஏறுது, மோர் குடிக்கிறியா?" என்றார் சம்பந்தம், கம்பிச் சுருள் இருந்த பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டே. வேண்டாம் என்று தலையாட்டினாள். மோராம். தப்பு செய்தவன் முரடனாக இருந்துவிட்டால் எவ்வளவு வசதி, ஒரு சண்டை, ஒரு வாரம் பேச்சில்லாமல் இருந்துவிடலாம். இவரோ செய்த தப்புக்குப் பரிகாரமாக லீவு நாளில் பை தூக்கிக்கொண்டு கூடவே வருகிறார், வந்து கடைகடையாகப் பையனுக்குப் பையனுக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். யார் சொல்லிக்கொடுத்தது? அங்கேதான் வந்து முட்டுகிறது. எந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு போனாலும் அங்கேதான் வந்து முட்டுகிறது. நான்கு மாதத்துக்கு முன்னால் குழாய்த் துண்டோடு வீட்டுக்குள் நுழைந்தபோது "இது என்ன கோதை?" என்று கேட்டவரிடம் "பரிதிக்கு. காலேஜ் புராஜெக்ட்" என்று சொன்ன வாய் யாருடையது? கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிற பையன். பி.காம். படிக்கிறவன். பி.காம். படிக்கிறவனுக்கு டெஸ்லா காயில் எதற்கு, காற்றில் மின்னல் கிளப்புகிற சுருள் எதற்கு, அதில் அவன் பற்றும் வரவுமா எழுதப்போகிறான் என்று பெற்ற தகப்பன் ஒருத்தன் கேட்க மாட்டானா? கேட்கவில்லை. "ஓ, சரி சரி" என்றுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். இவ்வளவு மட்டமான பொய்யை இருபத்துமூன்று வருஷத்தில் அவள் சொன்னதில்லை, அதுகூட அப்படியே விலைபோயிற்று. பிறகு அவள் திருத்தணியில் இருக்கும்போது அப்பாவும் பிள்ளையும் போனில் பேசியிருக்கிறார்கள். உன் புராஜெக்ட் பெட்டி கட்டிலுக்கடியில் இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கே என்று இவர் கேட்க, எனக்கென்னப்பா தெரியும், எனக்கு வேணாம், தூக்கிப் போடுங்க என்று அவன் சொல்ல, தீர்ந்தது. பையனுக்கு வேண்டாமென்றால் வீட்டில் யாருக்குமே வேண்டாம் என்று அர்த்தம். வேறு யாருக்கு வேண்டியிருக்கப் போகிறது? அந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் இருப்பது மளிகைச் சீட்டில்தான் தெரியும். சரி, அப்போதாவது, ஸ்டூல் வந்த அன்றைக்காவது சொன்னாளா? மூன்று நாள் கழித்து வாயைத் திறந்தவள் என்ன சொன்னாள்? "அது பரிதிக்கு வேணுமாம். மறந்து போய்ச் சொல்லிட்டானாம். திரும்ப வாங்கணும்." மறுபடியும் அதே பொய், இந்தத் தடவை இன்னும் மெருகோடு. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நடுத்தெருவில் அடித்துக்கொண்டால் அதற்கும் சேர்த்து ஒருத்தன் ஹாரன் அடிப்பான்.

நரசிங்கபுரம் தெரு முனையில் ஒரு கடை வாசலில் வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவர், எழுபது வயதிருக்கும், பழைய ரேடியோவில் ஸ்டேஷன் திருப்புகிற தகட்டுச் சாமான் ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "இது எதுக்கு சார், ரேடியோ எதாவது ரிப்பேரா?" என்று கடைப்பையன் கேட்டது பூங்கோதை காதில் விழுந்தது. "இல்லப்பா, சும்மாதான்" என்றார் அவர். கடைப்பையன் தலையை ஆட்டிவிட்டுக் காகிதத்தில் சுற்றிக்கொடுத்தான். அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு கேள்வி கிடையாது. அவள் நடையை நிறுத்தி அந்த மனிதரைப் பார்த்தாள், அவர் மேல் அவளுக்கு வந்த கோபத்துக்கு அவர் ஒரு பாவமும் அறியாதவர். சும்மாவாம். இந்தத் தெருவில் பாதி வியாபாரம் சும்மாவில்தான் நடக்கிறது. மோட்டார் வாங்குகிறார்கள், பல்பு பல்பாக வாங்குகிறார்கள், ஸ்பீக்கரைப் பிரித்து மாட்டுகிறார்கள், எதற்கு என்றால் சும்மா, ஒரு இது, ஒரு ஆசை. ஆம்பளைக்கு சும்மா என்று ஒன்று இருக்கிறது. அவளுக்கு யார் சும்மாவைக் கொடுத்தார்கள்? கோலப்பொடி வாங்கினால் பொங்கலுக்கு, புடவை எடுத்தால் கல்யாணத்துக்கு, அரை மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்தால் உடம்புக்கு என்ன. போன தடவை தனியாக வந்தபோது ஒவ்வொரு கடையிலும் கேட்டார்கள், என்ன மேடம், பையன் புராஜெக்ட்டா என்று. ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். வீட்டில் சொன்ன பொய்யைத் தெருவில் உடைப்பானேன் என்று நினைத்தாள். இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை. கேள்வியே பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தது, வாங்கி வைத்துக்கொண்டாள். ஈயம் காய்கிற வாடை தெருவெல்லாம் அடித்தது. அந்த வாடை அவளுக்குப் பிடிக்கும். கோபத்துக்கு நடுவிலும் மூக்கு அதை இழுத்துக்கொண்டது, அதற்கும் கோபம் வந்தது.

அந்த வாடைதான் பாலிடெக்னிக் லேபிலும். மின்னியல் டிப்ளமோ, இரண்டாம் வருஷம், நான்கு பேருக்கு ஒரு மேசை, மூன்று பையன்கள், இவள். அருளானந்தம் சார் உயரழுத்தப் பயிற்சி ஆரம்பிக்கும்போது முதலில் கேட்பது ஒன்றே ஒன்று. "கரண்டு ஒரு கையில ஏறி இன்னொரு கையில இறங்குனா நடுவுல என்னடா இருக்கு?" பையன்கள் கோரஸாக, "நெஞ்சு சார்." "அப்ப?" "ஒரு கை பாக்கெட்டுல சார்." எல்லோரும் இடது கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொள்வார்கள். ஒற்றைக் கையால்தான் தொட வேண்டும், மற்றக் கை மறந்துபோய் எதையாவது பிடித்துக்கொண்டால் அதோடு சரி, கணக்கு முடிந்தது. நல்ல பழக்கம், உயிர்காக்கிற பழக்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு சார் அவள் பக்கம் திரும்பினார். பாவாடை தாவணியை மேலிருந்து கீழாக ஒரு பார்வை. "உனக்குப் பாக்கெட் இல்லையேம்மா. கையெழுத்து நல்லாருக்கு, நீ ரீடிங் எழுதிக்கோ." பையன்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்தாளே, சனியன், அதுதான். மிச்ச இரண்டு வருஷமும் எழுதினாள். எந்த மேசையில் எத்தனை வோல்ட் என்று எல்லாம் அவள் நோட்டில்தான் இருந்தது, முதல் வகுப்பில் தேறினாள், ஒரு முனையைக்கூடத் தொட்டதில்லை. கடைசி வருஷம் சார் கண்ணாடி அலமாரியிலிருந்து அந்தக் காயிலை வெளியே எடுத்தார், அவர் வாலிபத்தில் செய்ததாம். ஜன்னலெல்லாம் சாத்தி, கருப்புத் துணி போட்டு, சுவிட்சைப் போட்டதும் ஊதா நிறத்தில் ஒரு கற்றை கிளம்பி விரல் விரலாகக் காற்றில் தடவியது, படபடவென்று ஒரு சத்தம், மழைக்கு முன்னால் வருகிற மாதிரி ஒரு வாடை. பையன்கள் ஒவ்வொருத்தராகத் தள்ளி நின்று டியூப்லைட்டைக் கையில் பிடித்தார்கள், ஒயர் இல்லை, பிளக் இல்லை, கையிலேயே எரிந்தது. அவள் முறை வருவதற்குள் ரீடிங்கைக் கேட்டார்கள். எழுதி நிமிர்ந்தபோது ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். நாற்பத்தெட்டு வயதில் ஒருத்திக்கு வேண்டியது இவ்வளவுதான், ஒரு டியூப்லைட், ஒயர் இல்லாமல், அவள் கையில். அதை யாரிடம் போய் எப்படிச் சொல்வது? சொன்னால் டாக்டரிடம்தான் கூட்டிப்போவார்கள். போன மாதம் தையல்காரரிடம் இந்தச் சுடிதாருக்கு இடது பக்கம் ஒரு பாக்கெட் வைக்கச் சொன்னாள். "செல்போனுக்கா?" என்றார். அதற்கும் ஆமாம் என்றாள். இது தவறினால் இன்னொரு தடவை கிடையாது, அது அவளுக்குத் தெரியும். தன்னைத் தெரியாதா. மூன்றாவது தடவை பட்டியல் எழுத மாட்டாள், ஒரு காலத்துல நானும் டிப்ளமோ என்று கல்யாண வீட்டில் சொல்கிறவளாக ஆகிவிடுவாள், அப்படி நான்கு பேரை அவளுக்கே தெரியும்.

டிரான்ஸ்பார்மர் கடை சந்துக்குள் சந்து. பழைய விளம்பர போர்டுகளிலிருந்து கழற்றின நியான் டிரான்ஸ்பார்மர்கள் செங்கல் அடுக்கின மாதிரி அடுக்கியிருந்தன. தாடி வெளுத்த பாய் ஒருவர் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்தார். சம்பந்தம் வாயைத் திறப்பதற்குள் பூங்கோதை முந்திக்கொண்டாள். "நியான் டிரான்ஸ்பார்மர் வேணும் பாய். ஒன்பதாயிரம் வோல்ட், முப்பது மில்லி ஆம்ப். இரும்புக் கோர். புதுசு வேணாம், அது லேசா ஸ்பார்க் அடிச்சாலே கட்டாகிடும்." பாய் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், பிறகு பழக்கதோஷத்தில் சம்பந்தத்தைப் பார்த்தார். "பையனுக்கு..." என்று சம்பந்தம் ஆரம்பித்தார். "ஓடுதான்னு காட்டுங்க பாய்" என்று அவள் குரலை உயர்த்தினாள், பக்கத்துக் கடையில் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. பாய் ஒன்றைத் தூக்கி ரப்பர் விரிப்பின்மேல் வைத்தார், ஒயர் கொடுத்தார், ஒரு முனையில் கம்பியை முடுக்கி, இன்னொரு முனையின் கம்பியை ஒரு நீள மரக்குச்சியின் நுனியில் கட்டினார். குச்சியை சம்பந்தத்திடம் நீட்டினார், "சார், கொஞ்சம் கிட்ட கொண்டுபோய் இழுங்க, தெரியும்." சம்பந்தம் இரண்டு அடி பின்வாங்கினார். "நான் பண்றேன்" என்றாள். சொல்லிவிட்டாள். ஒன்பதாயிரம். எழுதுவதற்கு நான்கு இலக்கம். கை நடுங்கினால்? நடுங்கி, குச்சி நழுவி, பாய் பதறிப்போய் சுவிட்சை அணைத்து, பார்த்து மேடம், சார்கிட்ட குடுங்க என்று சொன்னால்? ஷாக் அடிப்பதைப் பற்றி இல்லை அவள் பயம், அடித்தால் அடிக்கட்டும். இத்தனை வருஷமும் அருளானந்தம் சார் சொன்னது சரிதான், உனக்கு எழுதத்தான் வரும் என்று ஆகிவிடுமே, அதுதான். இடது கை தானாக இறங்கியது, துணியைத் தடவியது, பாக்கெட் வாயைக் கண்டுபிடித்து உள்ளே போய் முஷ்டி பிடித்துக்கொண்டது. உள்ளே ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. வலது கையால் குச்சியை நீட்டினாள். தொடுவதற்குச் சற்று முன்னாலேயே பொறி சீறிக்கொண்டு ஒட்டியது, மெள்ள விலக்கினால் கூடவே வந்தது, ஊதா கலந்த வெள்ளையில் ஒரு நாடா, நெளிந்து மேலே வளைந்து, அரையங்குலம், ஒரு அங்குலம், அறுந்தது. மறுபடி கிட்டே கொண்டுபோனாள். மறுபடி. நடுங்கத்தான் செய்தது கை, நாடா அறுந்து அறுந்து விழுந்தது, அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பாய் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாக்கெட்டில் இருந்த இடது கையைப் பார்த்தார். சுவிட்சை அணைத்துவிட்டு, "எங்கம்மா படிச்சீங்க?" என்றார். அவள் ஊர் சொன்னாள், வருஷம் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, "எர்த்து தனியா அடிங்க, வீட்டு எர்த்துல குடுக்காதீங்க" என்று அவளைப் பார்த்தே சொன்னார்.

சந்துக்கு வெளியே வந்ததும் சம்பந்தம் டிரான்ஸ்பார்மரை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார். நல்ல கனம், மூச்சு வாங்கியது. "உனக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றார். தெரியுமாவாம். கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் டி.இ.இ. என்று போட்டு அச்சடித்தார்களே, அதை என்னவென்று நினைத்தார், ஊர்ப் பேரா? "பரிதிக்கு இதெல்லாம் நீயே பண்ணிக் குடுத்துடுவ போலிருக்கே" என்று வேறு சொன்னார், பாராட்டாக. அவ்வளவுதான். "அவனுக்கு இல்ல" என்றாள். "என்னது?" "பரிதிக்கு இல்ல. எந்தப் புராஜெக்ட்டும் இல்ல. எனக்கு. அந்தப் பெட்டி என்னுது. பதினோரு நாளு உக்காந்து சுத்துனது நான். நீங்க ஸ்டூலுக்குப் போட்டது என்னுத." பக்கத்தில் செல்போன் கவர் விற்கிறவன் கூவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான், பார்க்கட்டும். சம்பந்தம் டிரான்ஸ்பார்மரைக் கீழேயும் வைக்க முடியாமல் தூக்கவும் முடியாமல் நின்றார். முகம் அப்படியே இறங்கிப்போயிற்று. கோபப்படுவார் என்று நினைத்தாள், கோபப்பட்டால் இன்னும் நாலு வார்த்தை தயாராக இருந்தது, இருபத்துமூன்று வருஷத்து நாலு வார்த்தை. "மொதல்லயே சொல்லியிருந்தா நான் போட்டிருக்க மாட்டேனே கோதை" என்றார். குரலில் ஒரு பொல்லாப்பும் இல்லை. நிஜமாகவே போட்டிருக்க மாட்டார். அந்தப் பெட்டிக்கு ஒரு துணியைப் போர்த்திப் பத்திரமாக வைத்திருப்பார், தூசி படாமல். அவளுக்குத் தெரியும் அது, அதனால்தான் அவ்வளவு ஆத்திரம். மொதல்லயே சொல்லியிருந்தா. எத்தனை சுலபமாக இருக்கிறது. கேட்டிருந்தா என்று ஒன்றும் இருக்கிறதே, அதை யார் சொல்வது? பி.காமுக்குக் காயில் எதற்கு என்று ஒரு தடவை கேட்டிருந்தா? அவள் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். "தலைகீழாப் பிடிக்காதீங்க, முனை ஒடஞ்சுடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அவர் பின்னாலேயே வந்தார்.

கெப்பாசிட்டர்தான் கடைசி. போன தடவை வாங்கின அதே கடை, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்ட அதே ஆள், அவருக்கு அவளை ஞாபகமில்லை. "பாயின்ட் ஒன் ஃபைவ், ரெண்டாயிரம் வோல்ட், பதினாலு" என்றாள். அவர் கேட்ட மாத்திரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு தட்டு நிறைய எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார், வைத்துக்கொண்டே சம்பந்தத்திடம், "பையன் புராஜெக்ட்டா சார்?" என்றார். சம்பந்தம் வாயைத் திறந்தார். மூடினார். டிரான்ஸ்பார்மரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "இல்லங்க" என்றார். "இவங்களுக்கு." கண்ணாடிக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "மேடம் காலேஜ்ல டீச்சரா?" "இல்ல." "யூடியூப் எதாவது?" "இல்ல." "பின்ன எதுக்கு?" அவர் ஒன்றும் குத்தலாகக் கேட்கவில்லை. சம்பந்தமும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கும் தெரியாதே, அவரும் இன்னும் கேட்கவில்லையே. பூங்கோதைக்கு எல்லாம் ஒரே சமயத்தில் வாய்க்கு வந்தது, கருப்புத் துணி, ஊதா வெளிச்சம், எரிந்த டியூப்லைட், திறந்துவிட்ட ஜன்னல், நல்லாருக்கிற கையெழுத்து, இல்லாத பாக்கெட். இவர்களுக்கு எதற்காக அதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும். அந்த வெள்ளைச் சட்டைப் பெரியவரிடம் யாராவது கேட்டார்களா? "சும்மா" என்றாள். சொன்ன வேகத்தில் மேசைமேல் இருந்த பேனா உருண்டது. கண்ணாடிக்காரர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு மேசைமேல் வைத்த மஞ்சள் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவ்வளவுதானா, சும்மா என்று கேட்கிற பொம்பளைக்கு விற்க மாட்டாராமா? அவளுக்குக் கழுத்து வரைக்கும் சூடு ஏறியது, மேசையை இரண்டு தட்டுத் தட்டலாம் என்று வலது கையைத் தூக்கிவிட்டாள். அவர் உள்ளே குனிந்து வேறொரு பெட்டியை எடுத்து வந்து ஊதித் தூசி தட்டினார். சாம்பல் நிறம், கனமாக இருந்தது ஒவ்வொன்றும். "இதத் தொட்டுப் பாருங்க. இதான் தாங்கும். அது புராஜெக்ட் ஐட்டம் மேடம். ஒரு நாளைக்கு எரிஞ்சு மார்க்கு வந்துட்டா போதும்னு கேப்பாங்க, அதுக்கு வெச்சிருக்கறது. மேல ரெண்டாயிரம்னு போட்டிருக்கும், ஆயிரம்கூடத் தாங்காது. காயில்ல போட்டா பட்டாசு மாதிரி வெடிக்கும்." அவள் மஞ்சள் தட்டைப் பார்த்தாள். அதே மஞ்சள். கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் பதினாலு மஞ்சள். அதை வைத்துக்கொண்டு குனிந்து சுவிட்சைப் போட்டிருப்பாள், முகத்துக்கு நேராக. அந்தப் பெட்டி ஸ்டூலுக்குப் போனதால் தப்பித்தாள். இதற்காக இவருக்கு நன்றி வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்ததும் கோபம் இன்னும் இரண்டு படி ஏறியது. "போன தடவ உங்ககிட்டதான் அத வாங்கிட்டுப் போனேன்" என்றாள். "என்ன சொல்லி வாங்கினீங்க?" என்றார் அவர். கண்ணாடிக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மேடம்." பக்கத்தில் சம்பந்தம் இருமினார், இருமிவிட்டுத் தெருவைப் பார்த்தார். பூங்கோதை இடது கையைப் பாக்கெட்டிலிருந்து இன்னும் எடுத்திருக்கவில்லை. உள்ளே பஸ் டிக்கெட் கசங்கிச் சின்ன உருண்டையாகியிருந்தது. "இப்ப சொல்றேன்ல" என்றாள், இரண்டு பேருக்கும் சேர்த்து. "பதினாலு. ஆஃப் பண்ணப்புறம் சார்ஜ் வடியறதுக்கு மேல போட பத்து மெகா ஓம் ரெசிஸ்டரும் பதினாலு. எடுங்க."